சாவி உன் பையில் இருக்கட்டும்

அன்புள்ள தம்பிக்கு,

ஐ.டி.ஐ. முடித்து, கோவைப் பக்கம் ஒரு நூற்பாலையில் எலக்ட்ரீஷியனாகச் சேர்ந்திருக்கிறாய் என்று அறிந்து மகிழ்ந்தேன். பேனல் வயரிங், மோட்டார் வேலை எல்லாம் ஆலையிலேயே பழகிவிடுவாய். மெஷினில் கைவைக்கும் முன் கரண்டை எப்படி நிறுத்துவது என்பதை மட்டும் நான் சொல்கிறேன்.

ஸ்டாப் பட்டனை அழுத்தினால் மெஷின் நிற்கும், கரண்ட் போகாது. கான்டாக்டர் விடுபடும், அவ்வளவுதான். அதன் மேல்முனையில் 415 வோல்ட் அப்படியே இருக்கும். ஆகவே ஐசோலேட்டரை இறக்கு. இறக்கியதும் உன் பூட்டைப் போட்டு, சாவியை உன் பையில் வை. பெயரும் நேரமும் எழுதிய அட்டையைத் தொங்கவிடு. அட்டை மட்டும் போதாது. அவசரத்தில் வருகிறவர் அதைப் படிக்க மாட்டார். கூடவே ஃபிட்டரும் இறங்கினால் அவருடைய பூட்டும் அங்கே தொங்க வேண்டும்.

இதெல்லாம் வெளிநாட்டுக் கம்பெனிப் பழக்கம் என்று யாராவது சொன்னால் நம்பாதே. தானாக 'ஆன்' பக்கம் நகர்ந்துவிடக்கூடிய சுவிட்சைப் பூட்டிவைக்க ஏற்பாடு வேண்டும் என்று நம் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 24ஆம் பிரிவே சொன்னது.

பூட்டிய பிறகும் சோதித்துப் பார். பல வருடம் வேலை பார்த்தவர்களும் இந்த இடத்தில்தான் அலட்சியமாகிறார்கள். நியான் டெஸ்டர் எரியவில்லை என்பதை நம்பிக் கை வைக்காதே. மீட்டரை முதலில் கரண்ட் உள்ள இடத்தில் வைத்துப் பார். பிறகு வேலை செய்யும் இடத்தில் பேஸுக்குப் பேஸ், பேஸுக்கு நியூட்ரல், பேஸுக்கு எர்த் என்று பார். மறுபடி கரண்ட் உள்ள இடத்துக்கே போய்ப் பார். இடையில் மீட்டர் பழுதாகியிருந்தால் அந்தக் கடைசிச் சோதனைதான் காட்டிக்கொடுக்கும். கன்ட்ரோல் சப்ளை வேறு பேனலிலிருந்து வருகிறதா என்றும் டிராயிங்கைப் பார்த்துக்கொள்.

டிரைவ் இருந்தால் இன்னும் பொறுமை வேண்டும். மெயின் போன பிறகும் அதன் கெபாசிட்டர்களில் ஏறக்குறைய 580 வோல்ட் டி.சி. நிற்கும். எத்தனை நிமிடம் காத்திருக்க வேண்டும் என்று மூடியிலேயே எழுதியிருப்பார்கள். அத்தனை நிமிடமும் காத்திரு, பிறகு அளந்து பார். கார்டிங் சிலிண்டரோ கரண்டே இல்லாமலும் தன் வேகத்தில் பல நிமிடம் சுற்றும். முழுவதும் நிற்கும்வரை கதவைத் திறக்காதே.

"இன்னும் எவ்வளவு நேரம்?" என்று சூப்பர்வைசர் கேட்பார். அது அவர் வேலை, கோபப்படாதே. ஆனால் அவர் கேட்டாலும் சாவியைக் கொடுக்காதே. ஷிப்ட் முடிந்தும் வேலை பாக்கி என்றால், அடுத்து வருபவர் தன் பூட்டைப் போட்ட பிறகே உன்னுடையதைக் கழற்று.

நாளைக்கே ஸ்டோரில் உன் பெயரில் ஒரு பூட்டுக் கேள். தரவில்லையென்றால் எனக்கு எழுது, நான் வாங்கி அனுப்புகிறேன்.

அன்புடன்,
உன் அண்ணன்