கடல்நீர்த் தொட்டி: பாசி விற்கலாம், பவளம் கூடாது

அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பகுதியில் மளிகையோடு மீன்தொட்டிச் சாமான்களும் விற்கும் உறுப்பினர்கள் அறிந்திருக்க வேண்டிய சிலவற்றை இங்கே தருகிறோம்.

கடல்நீர்த் தொட்டி வைக்க விரும்பும் வாடிக்கையாளர், "கல்லுப்பைக் கரைத்தால் போதாதா?" என்று கேட்பார். போதாது. உப்பளப் பாத்தியில் நீர் வற்றும்போது கால்சியத்தின் பெரும்பகுதி ஜிப்சமாக முன்னதாகவே படிந்துவிடுகிறது. மக்னீசியம் மிச்சமாகும் கசப்பு நீரோடு போய்விடுகிறது. நம் மூட்டையில் இருப்பது பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான். ஒரு லிட்டர் கடல்நீரிலோ சுமார் 35 கிராம் உப்புகள் உள்ளன. அதில் மக்னீசியம் சுமார் 1.3 கிராம், கால்சியம் 0.4 கிராம். எனவே தொட்டிக்கென்றே தயாராகும் கடல் உப்புக் கலவையைக் கொடுக்க வேண்டும். அதைக் கரைக்கப் போர் தண்ணீர் வேண்டாம், ஆர்.ஓ. தண்ணீரே நல்லது. வெயிலில் தொட்டி நீர் வற்றினாலும் உப்பு உள்ளேயே நிற்கும். ஆகவே குறைந்த அளவுக்கு உப்பில்லாத ஆர்.ஓ. தண்ணீரை மட்டும் ஊற்றச் சொல்லுங்கள்.

அடுத்தது பாசி. நாம் பொட்டலத்தில் விற்கும் கடல்பாசி, பாசியைக் காய்ச்சி எடுத்து உலர்த்திய சரக்கு. தொட்டியில் வளர்வது உயிருள்ள பாசி. மீன் கழிவால் சேரும் நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் உறிஞ்சி அது வளரும். அவ்வப்போது நறுக்கி வெளியே எடுத்தால்தான் நீர் சுத்தமாகும். விட்டுவிட்டால் பக்கத்தில் உள்ளதை மூடிவிடும்.

கடலிலும் இதுவே நடந்தது. ஐஸ்கிரீமுக்கும் பற்பசைக்கும் வேண்டிய காராஜீனனுக்காக, வெளிநாட்டுப் பாசியான காப்பாபைகஸ் மண்டபம் கரையோரம் வளர்க்கப்பட்டது. அது குருசடைத் தீவின் பவளங்கள்மேல் படர்ந்திருப்பதை ஆய்வாளர்கள் 2008-ல் வெளியிட்டனர். பாசி மூடிய பவளம் மடிந்தது. ஆகவே நறுக்கிய பாசியைக் கடலில் கொட்டலாகாது. சரக்கையும் வளர்ப்போரிடம் பில்லோடு வாங்குங்கள். தேசியப் பூங்காத் தீவுகளில் எடுத்த பாசி வேண்டாம்.

பவளம் கேட்டால், இல்லை என்று சொல்லிவிடுங்கள். பாறை கட்டும் கல்பவளங்கள் எல்லாமே 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. உயிருள்ளதானாலும், அலங்காரத்துக்கு வைக்கும் வெள்ளைத் துண்டானாலும் விற்பது குற்றம். 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. 2022 திருத்தப்படி அபராதம் 25,000 ரூபாய்க்குக் குறையாது. ஒரு துண்டில் கிடைக்கும் லாபம் எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

சட்டம் இவ்வளவு கடுமையாக இருப்பதற்குக் காரணம் உண்டு. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் பூவரசன்பட்டி, விலங்குசல்லி இரண்டும் நீரில் மூழ்கிவிட்டன. சுண்ணாம்புக்காகப் பவளப்பாறையை வெட்டி எடுத்ததே அதற்கு முக்கியக் காரணம். நம் குண்டாறு போய்ச் சேர்வதும் அந்தக் கடலில்தான்.

அழகுக்குப் பவளம் வேண்டுவோருக்குச் செயற்கைப் பவளம் இருக்கிறது. அதைக் கொடுங்கள், பில்லில் "செயற்கை" என்றே எழுதுங்கள்.