துப்பாக்கியும் இரும்புப் பெட்டியும்

நம் மாணவர் மலரில் துப்பாக்கியைப் பற்றி ஒரு கட்டுரையா என்று நண்பர்கள் மூக்கின்மேல் விரலை வைக்கக்கூடும். தில்லித் தமிழர் வீடுகளில் துப்பாக்கி அரிதுதான். ஆயினும் இல்லவே இல்லை என்று சொல்வதற்கில்லை. இராணுவத்திலிருந்து ஓய்வுபெற்றவர் வீட்டில் ஒன்று இருக்கும். 1982-ஆம் ஆண்டு ஆசிய விளையாட்டுக்காகத் துக்ளகாபாத்தில் அமைத்த கர்ணி சிங் சுடுதளத்திற்குப் பயிற்சிக்குச் செல்வோர் வீட்டில் ஒன்று இருக்கும். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவனும் புதுக்கோட்டைப் பிருதிவிராஜ் தொண்டைமானும் 2024-இல் பாரிஸ் ஒலிம்பிக்கில் குறி பார்த்த பிறகு நம் பிள்ளைகள் சிலருக்கும் அந்த ஆசை பிறந்திருக்கிறது. ஊர்ப்பக்கமோ, பயிரைக் காக்க உரிமம் பெற்ற நாட்டுத் துப்பாக்கி மலையடிவாரத்து வீடுகளில் இன்றும் உண்டு.

எனக்கு இப்பொருளில் நாட்டம் வந்தது, நான் குடியிருக்கும் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் வாழும் ஓய்வுபெற்ற சுபேதார் ஒருவரால். அவரிடம் பன்னிரண்டு போர் இரட்டைக்குழல் துப்பாக்கி ஒன்று உரிமத்தோடு இருக்கிறது. மகளும் ஆறு வயதுப் பேரனும் நிரந்தரமாக வந்து சேரப்போகிறார்கள் என்றதும், "தம்பி, நீ பௌதிகம் படிக்கிறவன். எந்தப் பெட்டி வாங்கலாம், சொல்லு" என்றார். கடைக்காரர் காட்டிய விலைப்பட்டியலில் தீ தாங்கும் பெட்டி, கைரேகைப் பெட்டி, எண்பூட்டுப் பெட்டி என ஏழெட்டு வகைகள் இருந்தன. விலை ஏற ஏறப் பாதுகாப்பும் ஏறும் என்று எண்ணிவிடக் கூடாது. எதிலிருந்து பாதுகாப்பு என்பதை முதலில் தீர்மானிக்க வேண்டும்.

சட்டம் சொல்வதைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். நம் நாட்டில் துப்பாக்கி வைத்திருக்க 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் வேண்டும். ஒருவர் மூன்று துப்பாக்கிகள் வரை வைத்திருக்கலாம் என்றிருந்ததை 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் இரண்டாகக் குறைத்தது. 2016-ஆம் ஆண்டு விதிகள், பத்திரமாக வைத்துப் பயன்படுத்தும் பொறுப்பை உரிமம் கேட்பவர் மேலேயே சுமத்துகின்றன. காற்றுத் துப்பாக்கியிலும் 20 ஜூலுக்கு மேல் ஆற்றலுடையதற்கோ, 0.177 அங்குலத்திற்கு மேல் துளையுடையதற்கோ உரிமம் தேவை. உரிமம் ஒருவர் பெயரில் தரப்படுகிறது. ஆகவே சாவி நாலு பேர் கையில் புழங்குவது சட்டத்தின் நோக்கத்திற்கே மாறானது என்பதை நாம் ஊன்றி நினைக்க வேண்டும்.

இதற்கு ஒரு புறநடை உண்டு. குடகு நாட்டில் கொடவருக்கும், ஜம்மா நிலம் உடையோருக்கும் வெள்ளையர் காலந்தொட்டே உரிமத்திலிருந்து விலக்கு இருந்து வருகிறது. 2019-இல் மத்திய அரசு அதனை 2029 வரை நீட்டித்தது. 2021-இல் கர்நாடக உயர்நீதிமன்றமும் அது செல்லும் என்றது. கைல்போளு என்னும் திருநாளில் அவர்கள் துப்பாக்கிகளைத் துடைத்து வைத்து வழிபடுவர். குழலின் வாயில் 'தோக்குப்பூ'வைச் செருகுவர். தோக்கு என்றால் துப்பாக்கி. அந்தப் பூ வேறொன்றுமன்று, நம் சங்கப் புலவர் பாடிய செங்காந்தளே! விலக்கு உரிமத்திற்குத்தானே தவிர, பூட்டுக்கு அன்று என்பதைச் சொல்லி மேலே செல்வோம்.

பெட்டி வாங்குவோர் பெரும்பாலும் திருடனையே மனத்தில் வைத்து வாங்குகின்றனர். ஆனால் வீட்டுத் துப்பாக்கியால் விளையும் கேடுகளில் மனத்தை உலுக்குபவை வீட்டுக்குள்ளேயே நிகழ்பவை. விளையாட்டாக எடுத்துப் பார்க்கும் குழந்தை ஒன்று. உள்ளம் உடைந்த ஒரு கணத்தில் எடுக்கும் இளைஞன் மற்றொன்று. அமெரிக்காவில் கிராஸ்மன் முதலியோர் 2005-இல் வெளியிட்ட ஆய்வொன்று, துப்பாக்கியைப் பூட்டி வைத்தல், தோட்டாவை எடுத்துவிட்டு வைத்தல், தோட்டாவையும் பூட்டி வைத்தல், இரண்டையும் வேறு வேறு இடத்தில் வைத்தல் ஆகிய நான்கு பழக்கங்களில் ஒவ்வொன்றும் சிறுவர்க்கும் இளைஞர்க்கும் நேரும் விபத்தும் தற்கொலையும் குறைந்திருப்பதோடு தொடர்புடையது என்று கண்டது. இஸ்ரேல் இராணுவத்தில் 2006-இல், வார விடுமுறைக்கு வீடு செல்லும் வீரர்கள் துப்பாக்கியை முகாமிலேயே விட்டுச் செல்லவேண்டும் என்று விதித்தார்கள். இளம் வீரர்களின் தற்கொலை சுமார் 40 விழுக்காடு குறைந்தது. துப்பாக்கி அழிந்துவிடவில்லை, எட்டாத இடத்திற்குப் போயிற்று, அவ்வளவே. அந்தக் கொடிய கணம் கடந்துபோக அவகாசம் கிடைத்தது. தேர்வுக்காலத்து விடுதி இரவுகளை அறிந்த நமக்கு, அந்தச் சில நாழிகைகளின் மதிப்பை யாரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

ஆகவே பெட்டி என்பது காலத்தை வாங்கித் தரும் ஒரு கருவி. திருடனிடமிருந்தும் அது வாங்கித் தருவது காலத்தைத்தான். உடைக்கவே முடியாத பெட்டி என்று உலகில் ஒன்றும் இல்லை. பெட்டிகளைச் சோதிக்கும் நிறுவனங்களும், இன்ன கருவிகளைக் கொண்டு தாக்கினால் இத்தனை நிமிடம் தாங்கும் என்றுதான் சான்று தருகின்றன. அமெரிக்கச் சோதனையில் வீட்டுத் தரத்துப் பெட்டி எளிய கைக்கருவிகளுக்கு எதிராக ஐந்து நிமிடம் நின்றால் தேறிவிடும்! இங்கிலாந்தில் துப்பாக்கி அலமாரிக்கென்றே 1992-இல் ஒரு தர அளவு வகுத்தார்கள். நம் நாட்டில் பொதுவாகப் பணப்பெட்டிகளுக்கு ஐ.எஸ். 550 என்னும் தர அளவு உண்டு.

நம் வீடுகளில் பீரோவின் மேல் உள்ள நம்பிக்கை அளவற்றது. நகை, பத்திரம், பட்டுப்புடவை எல்லாம் அதற்குள்தான். ஆனால் பீரோவின் தகடு பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த கனமுடையது. தகடு வளைவதை எதிர்க்கும் திறன் அதன் கனத்தின் முப்படியைப் பொறுத்தது என்பது பௌதிக மாணவர் அறிந்ததே. கனம் மூன்று மடங்கானால் விறைப்பு 27 மடங்காகும். எனவே 1 மில்லிமீட்டர் தகட்டிற்கும் 3 மில்லிமீட்டர் தகட்டிற்கும் உள்ள வேற்றுமை, விலைப்பட்டியலில் தோன்றுவதைவிட மிகப் பெரிது. கதவின் விளிம்பை அதைவிடக் கூர்ந்து நோக்க வேண்டும். ஒரு மீட்டர் நீளக் கடப்பாரையை இரண்டரை சென்டிமீட்டர் தாங்குமுனையில் வைத்து 50 கிலோ பாரம் கொடுத்தால், மறுமுனையில் ஏறத்தாழ 2 டன் பாரம் விழும். கதவுக்கும் சட்டத்திற்கும் இடையே கடப்பாரை நுனி நுழையாதபடி கதவு உள்வாங்கி இருக்கவேண்டும். கடையிலேயே ஒரு நாணயத்தை அந்த இடுக்கில் நுழைத்துப் பாருங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

இனி, பலரும் கவனியாத செய்தி ஒன்று. பெட்டி கனமானது, ஆகவே யாரும் அசைக்க முடியாது என்பார்கள். கணக்கிட்டுப் பார்ப்போம். ஒன்றரை மீட்டர் உயரம், 45 சென்டிமீட்டர் ஆழம், 150 கிலோ எடையுள்ள பெட்டி; புவியீர்ப்பு மையம் நடுவில் இருப்பதாகக் கொள்வோம். உச்சியைப் பிடித்து இழுத்தால், 150-ஐ 22.5-ஆல் பெருக்கி 150-ஆல் வகுக்க, வெறும் 22.5 கிலோ இழுவிசையில் பெட்டி சாயத் தொடங்கிவிடும். கைப்பிடியில் தொங்கும் சிறுவன் ஒருவனின் எடையும் ஏறக்குறைய அவ்வளவுதான்! சாய்ந்து விழுந்த பெட்டியின்மீது ஏறி நின்று நெம்புவது திருடனுக்கும் எளிது. தில்லியோ நில நடுக்கத்தில் நான்காம் மண்டலத்தைச் சேர்ந்தது. எனவே எந்தப் பெட்டியானாலும் தரையிலும் சுவரிலும், உள்ளே விரிந்து பிடிக்கும் போல்ட்டுகளால் இறுக்கியே ஆகவேண்டும். வாடகை வீட்டுக்காரர் சுவரைத் துளைக்க ஒப்பமாட்டார் என்றால், அவரிடம் பேசி ஒப்புதல் வாங்குவது பெட்டி வாங்குவதற்கு முன் செய்யவேண்டிய வேலை.

உயரத்தைக் குறைப்பதற்கும் ஒரு வழி உண்டு. இரட்டைக்குழல் துப்பாக்கி முழுதாக நிறுத்தினால் சுமார் 115 சென்டிமீட்டர் வரும். ஆனால் கீலில் மடங்கும் வகையாதலால் குழலையும் கட்டையையும் நிமிடத்தில் பிரித்துவிடலாம்; குழல் மட்டும் 75 சென்டிமீட்டர் அளவில் நிற்கும். அவ்வாறாயின் குட்டையான பெட்டியே போதும், அது எளிதில் சாயாது, விலையும் குறைவு. பிரித்து வைத்த துப்பாக்கியைப் பேரன் கண்டாலும் சுட இயலாது என்பது மேலும் ஓர் ஆதாயம்.

பூட்டுக்கு வருவோம். திண்டுக்கல் மாங்காய்ப் பூட்டைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு லீவர் பூட்டின் அருமை தெரியும். திண்டுக்கல் பூட்டு 2019-இல் புவிசார் குறியீடும் பெற்றது. நல்ல லீவர் பூட்டு பல்லாண்டு உழைக்கும், மின்கலம் கேட்காது. குறை பூட்டில் இல்லை, சாவியில் இருக்கிறது. நம் வீடுகளில் சாவி இருக்கும் இடம் மூன்று: சாமி படத்தின் பின்புறம், அரிசிப் பானை, தலையணை அடி. இந்த மூன்றையும் அறியாத தமிழ்க் குழந்தை பிறக்கவில்லை. அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தில் 2006-இல் வெளியான ஆய்வு ஒன்றில், துப்பாக்கி இருக்கும் இடம் பிள்ளைக்குத் தெரியாது என்று சொன்ன பெற்றோரில் 39 விழுக்காட்டினரின் கூற்றைப் பிள்ளைகளே மறுத்துவிட்டார்கள். அந்த ஊர்ப் பெற்றோர் நம்மைவிட ஏமாளிகள் என்று எண்ண ஆதாரம் ஏதுமில்லை.

எண்களைத் திருகும் பூட்டில், நூறு எண்கள் மூன்று முறை என்றால் பெயரளவில் 10 இலட்சம் சேர்க்கைகள் உண்டு. பொத்தானை அழுத்தும் நான்கிலக்கப் பூட்டில் 10,000 மட்டுமே; அதையும் பிறந்த ஆண்டாக வைத்துக்கொண்டால் நூறுக்குள் சுருங்கிவிடும். ஐந்து முறை தவறினால் சிறிது நேரம் திறக்க மறுக்கும் அமைப்பு உள்ளதா என்று கேளுங்கள். கைரேகைப் பூட்டின் மீது எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. தில்லிக் குளிரில் தோல் வெடித்த விரலை அது அடையாளம் காணாது; மலிவான வகைகள் வேறு விரலை ஏற்பதும் உண்டு. சுபேதார் ஐயாவுக்கு எண்பூட்டே ஏற்றது என்றேன். ஒன்று மட்டும் வற்புறுத்தினேன்: அந்த எண்ணை முத்திரையிட்ட உறையில் வழக்கறிஞர் போன்ற ஒருவரிடம் கொடுத்து வைக்கவேண்டும். உரிமம் பெற்றவர் காலமானால், துப்பாக்கியைக் காலந்தாழ்த்தாமல் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற வணிகரிடமோ ஒப்படைப்பது குடும்பத்தார் கடமை. பெட்டி திறவாமல் நின்றால் அவர்கள் பாடு திண்டாட்டம்.

தீ தாங்கும் பெட்டியின் ரகசியம் ரசாயனத்தில் இருக்கிறது. சுவர்களுக்கிடையே ஜிப்சம் முதலிய பொருள்களை நிரப்புகிறார்கள். ஜிப்சத்தின் எடையில் ஏறத்தாழ 21 விழுக்காடு படிக நீர். 10 கிலோ ஜிப்சம் சூடேறினால் 2 கிலோவுக்கு மேல் நீர் ஆவியாகும். அதற்கே 4,700 கிலோஜூல் அளவு உஷ்ணம் செலவாகும். அதுவரை உள்ளறையின் வெப்பம் கட்டுக்குள் நிற்கும். பத்திரங்களுக்கு இது மிக நன்று. துப்பாக்கிக்கோ இதில் ஓர் இடர்: நீரைத் தன்னுள் கொண்ட அந்தப் பூச்சு சாதாரண நாட்களிலும் உள்ளறையில் ஈரத்தைக் கூட்டவல்லது. ஈரப்பதம் 60 விழுக்காட்டைத் தாண்டினால் இரும்பு துருப்பிடிப்பது விரைவாகிறது. ஆடி ஆவணியில் தில்லியின் ஈரப்பதம் அதற்கு மேலேயே நிற்கும். ஆகவே துப்பாக்கி ஒன்றையே வைப்பவர் தீ தாங்கும் பெட்டிக்கு அதிகப் பணம் கொடுக்க வேண்டியதில்லை என்பது என் கருத்து. அந்தப் பணத்தைத் தகட்டின் கனத்தில் போடலாம். உள்ளே சிலிகா ஜெல் பொட்டலங்களை வைத்து, மாதம் ஒரு முறை அடுப்பு வெப்பத்தில் உலர்த்திக்கொண்டால் போதும். குழலுக்கு மெல்லிய எண்ணெய்ப் பூச்சு தேவை. தோலுறைக்குள் போட்டு வைக்கக் கூடாது. தோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும்.

தோட்டாவுக்குத் தனிப் பெட்டி, தனிப் பூட்டு, தனி அறை. இது சிறிய பெட்டியாக இருந்தால் போதும். நாட்டுத் துப்பாக்கிக்கான கருமருந்தை மட்டும் கனத்த இரும்புப் பெட்டியில் இறுக அடைக்கவே கூடாது. தீப்பற்றினால் வாயு வெளியேற வழியின்றிப் பெட்டியே வெடிகுண்டாகிவிடும்.

ஊருக்கு நெடுநாள் செல்லும்போது உரிமம் பெற்ற வணிகரிடம் துப்பாக்கியை ஒப்படைத்து ரசீது பெற்றுச் செல்லலாம். தேர்தல் காலங்களில் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வதுண்டு. அதையும் சிலர் மானக்குறைவாக நினைக்கிறார்கள். சுடுதளத்தில் பயிலும் மாணவர், அங்கேயே ஆயுத அறையில் வைக்க இடமுண்டா என்று முதலில் கேட்டுப் பார்ப்பது நல்லது. சுபேதார் ஐயாவிடமும், "இதை எதற்காக வைத்திருக்கிறீர்கள்?" என்று கேட்டேன். நெடுநேரம் மௌனமாக இருந்துவிட்டு, "பழக்கம்" என்றார். இப்போது 3 மில்லிமீட்டர் தகட்டில், 85 சென்டிமீட்டர் உயரத்தில் ஒரு பெட்டி சொல்லிவைத்திருக்கிறோம். பேரன் வரும் தேதிக்குள் அது வராவிட்டால், அதுவரை துப்பாக்கி வணிகரிடமே இருக்கட்டும் என்று அவரே சொல்லிவிட்டார்.