அலகிடுதலும் கணினியின் எண்முறையும்

தமிழாசிரியர் ஒருவரிடம் விழா மலருக்குக் கட்டுரை கேட்போர், சங்கப் பாட்டொன்றின் நயத்தையோ இலக்கண நுட்பம் ஒன்றையோ எதிர்பார்த்தல் இயல்பு. யாம் கணினியின் எண்முறையைப் பற்றி எழுதப் புகுவது பழைய மாணவர் பலருக்கு வியப்பாயிருக்கலாம். கணிதம் படிப்பிக்கும் நண்பர் சிலர் நகைக்கவுங் கூடும். இப்பொருளை யாம் விரும்பித் தேடிக்கொண்டோமல்லோம். எமது அறியாமையால் நேர்ந்த ஓர் இழப்பே எம்மை இதன்பால் உந்திற்று. அதனைப் பின்னர்க் கூறுவோம். முதலில் எண்ணைக் காண்போம்.

நாம் 365 என்று எழுதுமிடத்து, வலக்கோடியிலுள்ள 5 ஐந்து ஒன்றுகளையும், அதற்கு இடப்புறத்து 6 ஆறு பத்துக்களையும், 3 மூன்று நூறுகளையும் குறிக்கின்றன. இலக்கம் ஒன்றாயிருப்பினும் நிற்கும் இடத்தால் மதிப்பு வேறாகின்றது. இடந்தோறும் மதிப்புப் பதின்மடங்காக உயர்கின்றது. பழைய ஏட்டெழுத்தில் இவ்வாறன்று. அங்கே பத்துக்கும் நூறுக்கும் தனிக்குறிகள் உண்டாதலின், இவ்வெண்ணை ௩௱௬௰௫ என வரைவர். மூன்று நூறு, ஆறு பத்து, ஐந்து என வாயாற் சொல்வதனை அப்படியே எழுதுமுறை அது. இடமே மதிப்பைச் சொல்லும் முறை வந்தபின் அக்குறிகளுக்கு வேலையில்லாது போயிற்று.

பதின்மடங்கு என்பது கைவிரல் பத்தாதலால் வந்த வழக்கேயன்றி எண்ணின் இயல்பன்று. இடந்தோறும் இருமடங்காக உயர்வதென்று கொண்டால், வலமிருந்து இடமாக ஒன்று, இரண்டு, நான்கு, எட்டு, பதினாறு என மதிப்புக்கள் அமையும். வேண்டிய இலக்கங்கள் 0, 1 என்னும் இரண்டே. இதுவே துவித எண்முறை. இருமம் என்பாரும் உளர். 1101 என்பதனை இம்முறையிற் படித்தால் எட்டு ஒன்று, நான்கு ஒன்று, இரண்டு இல்லை, ஒன்று ஒன்று, ஆகப் பதின்மூன்று. மறுதலையாகப் பதின்மூன்றைத் துவிதத்தில் எழுத வேண்டின், இரண்டால் வகுத்துக்கொண்டே போய் மீதிகளைக் குறிக்க வேண்டும். 13ஐ வகுக்க 6, மீதி 1. 6ஐ வகுக்க 3, மீதி 0. 3ஐ வகுக்க 1, மீதி 1. 1ஐ வகுக்க 0, மீதி 1. மீதிகளைக் கீழிருந்து மேலாகப் படித்தால் 1101 மீண்டும் வரும். ஏழாம் வகுப்புப் பிள்ளையும் ஒரு பாடவேளையில் இதனைக் கற்றுக்கொள்ளும். பெரியோர்க்கே சற்று நேரஞ் செல்லும்.

கணினிக்குத் துவிதமே இயலும், தசமம் இயலாது என்று பலர் கூறுவர். அது முற்றும் உண்மையன்று. அமெரிக்காவிலே பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்திற் செய்யப்பெற்று 1946இல் உலகறிய இயக்கிக் காட்டப்பட்ட எனியாக் என்னும் பொறி தசமத்திலேயே கணக்கிட்டது. ஓர் இலக்கத்தை வைத்திருக்க அதிலே பத்து நிலைகள் கொண்ட வளையம் ஒன்று வேண்டியிருந்தது. பத்தனுள் ஒன்று மட்டும் விழித்திருக்க ஏனை ஒன்பதும் உறங்கிக் கிடக்கும். அதே பத்து நிலைகளைத் துவிதமாக ஆண்டால் 0 முதல் 1023 வரை, 1024 எண்களை வேறுவேறாகக் குறிக்கலாம். ஓர் இலக்கத்துக்காக இத்துணை உறுப்புக்களைச் செலவிடுதல் வீண் என்பது அறிஞர்க்குப் புலனாயிற்று. 1949இல் கேம்பிரிட்சில் இயங்கத் தொடங்கிய எட்சாக் என்னும் பொறி துவிதத்தைக் கைக்கொண்டது. லைப்னிற்ஸ் என்னும் ஜெர்மானியத் தத்துவ அறிஞர் 1703ஆம் ஆண்டுக்குரிய பிரெஞ்சு அறிவியற் கழக வெளியீட்டிலே துவிதக் கணக்கை விளக்கியிருந்தார். அக்கணக்குக்கு ஏற்ற பொறி வர இருநூற்றைம்பது ஆண்டளவு சென்றது.

பொறிக்கு எளிதாயது மனிதர்க்கு அரிதாயிற்று. 0000101110010101 என்னும் இவ்வரியை ஒருமுறை பார்த்துக் கொப்பியில் எழுதிப் பாருங்கள். எங்கோ ஒரு சுழி தவறும். தவறியது எங்கேயென்று காண்டலும் அரிது. இதற்கு மருந்தாக வந்ததே பதினறும எண்முறை. இதனை விளக்க எமது சொந்தச் சரக்கு ஒன்றை எடுத்துக்கொள்ள வாசகர் இசைவார்களாக.

யாப்பிலக்கணத்தில் அசை இரண்டே: நேர், நிரை. ஈரசைச்சீர் நான்கு, மூவசைச்சீர் எட்டு, நாலசைச்சீர் பதினாறு. ஓரசை கூடுந்தோறும் தொகை இரட்டித்தலைக் காண்க. இரண்டு வகைப் பொருளை நான்கு இடத்தில் வைக்கும் வழிகள் பதினாறேயாதலின், அவை நாலசைச்சீராயினும் நான்கு துவித இலக்கங்களாயினும் தொகை ஒன்றே. இனி, நேரசையைச் சுழியாகவும் நிரையசையை ஒன்றாகவும் கொள்வோம். 0000 என்பது நேர் நேர் நேர் நேர், அஃதாவது தேமாந்தண்பூ. 1011 என்பது நிரை நேர் நிரை நிரை, புளிமாநறுநிழல். 1111 கருவிளநறுநிழல். அலகிடும்போது நேர், நிரை என்று நீட்டி முழக்காது, நான்கினையும் ஒரே வாய்பாட்டாற் சொல்லி முடிக்கின்றோமல்லவா? பதினறுமம் செய்வதும் அதுவே. நான்கு துவித இலக்கங்களுக்கு ஒரு பெயர், பெயர்கள் பதினாறு. முதற் பத்துக்கும் 0 முதல் 9 வரையுள்ள இலக்கங்களே பெயராகும். எஞ்சிய ஆறாகிய பத்து முதல் பதினைந்து வரைக்கு ஏ, பி, சி, டி, ஈ, எவ் என்னும் ஆங்கில எழுத்துக்கள் பெயராகும்.

மாணவர் இடறுமிடம் ஒன்று உண்டு. பதினறுமம் என்பது கணினியினுள்ளே இருக்கும் மூன்றாவதொரு எண் என்று அவர் எண்ணிவிடுகின்றனர். உள்ளே இருப்பது துவிதமே. தேமா புளிமா என்னும் மரங்கள் செய்யுளில் இல்லாதவாறுபோலப் பதினறுமமும் பொறியினுள் இல்லை. நாம் படித்தற்பொருட்டு இட்ட வாய்பாடு அது. ஆதலாலேதான் அந்த ஆறு எழுத்துக்களும் முதலில் ஆளுக்கொன்றாக இருந்தன. 1952இல் இயங்கிய இல்லியாக் என்னும் பொறிக்கு உரியோர் கே, எஸ், என், ஜே, எவ், எல் என்று வைத்தனர். ஏ முதல் எவ் வரையுள்ள வழக்கு, ஐ.பீ.எம். நிறுவனம் 1964இல் அறிவித்த 360 என்னும் பொறித்தொகுதியால் நிலைபெற்றது. எட்டுத் துவித இலக்கங்களை, அதாவது எட்டுப் பிற்றுக்களை, ஒரு பைற்று எனக் கொள்ளும் வழக்கு பரவியதும் அத்தொகுதியாலேயே. எட்டு இரண்டு நான்குகளாதலின் ஒரு பைற்றுக்கு இரண்டு பெயர் போதும். மும்மூன்றாகப் பிரிக்கும் எண்மமுறை அதன்முன் பெருவழக்காயிருந்தது. எட்டு மூன்றால் மீதியின்றி வகுபடாமையால் அது பின்தங்கிற்று.

இவ்விடத்து ஓர் எச்சரிக்கை. அசைக்கு இடமதிப்பு இல்லை. தேமாவையும் புளிமாவையும் கூட்டிக் கழிக்க இயலாது. யாம் கூறியது ஒப்புமை மாத்திரமே. இதனைப் பிடித்துக்கொண்டு, நம் முன்னோர் அன்றே கணினியை அறிந்திருந்தனர் என்று மேடையில் முழங்குவாரோடு யாம் உடன்படோம். அருகியே வழங்கும் நாலசைச்சீர்ப் பதினாறையும் பரீட்சைக்காக மனனஞ் செய்யும் பிள்ளைகள், இவை எதற்குச் சேர் என்று கேட்குமிடத்து, இப்பொழுது சொல்வதற்கு எமக்கு ஒரு விடை கிடைத்திருக்கின்றது, அவ்வளவே.

மேலே எழுதிப் பார்க்கச் சொன்ன அந்நீண்ட வரிக்கு மீள்வோம். நான்கு நான்காகப் பிரித்தால் 0000 1011 1001 0101. வாய்பாட்டால் தேமாந்தண்பூ, புளிமாநறுநிழல், புளிமாந்தண்ணிழல், கூவிளந்தண்ணிழல். நாற்சீர் கொண்ட அளவடி ஒன்று. பதினறுமத்தில் 0-பி-9-5. தசமத்தில் 2965. இது யாது எனின், ககரம். உலக மொழிகளின் எழுத்துக்களுக்கெல்லாம் எண் வகுக்கும் ஒருங்குறி என்னும் ஏற்பாட்டின் முதற்பதிப்பு 1991இல் வெளிவந்தபொழுதே தமிழுக்கு 0-பி-8-0 முதல் 0-பி-எவ்-எவ் வரை 128 இருக்கைகள் ஒதுக்கப்பட்டன. ககரம் 9-5இல் அமர, ஙகரம் 9-9இல் அமர்ந்திருக்கின்றது. இடையில் மூன்று வெற்றிருக்கைகள். இந்திய மொழிகள் யாவற்றுக்கும் ஒரே ஒழுங்கை வைத்தமையால் வடவெழுத்து வர்க்கத்துக்கு விடப்பட்ட இடங்கள் அவை. ழகரம் வகரத்துக்கு முன்னே நிற்றலும், னகரம் நகரத்தை அடுத்து நிற்றலும் எமக்கு உவப்பல்ல. அவ்வெண் ஒழுங்கையே நம்பி அகராதி தொகுத்தால் நெடுங்கணக்குக் குலையும். வரிசைப்படுத்தத் தனியே விதி எழுத வேண்டியிருக்கின்றது. இன்னுமொன்று: 'தமிழ்' என்பது நமக்கு மூன்றெழுத்து, கணினிக்கு ஐந்து எண். தகரம், மகரம், இகரக் குறி, ழகரம், புள்ளி. மெய்யோடு அகரஞ் சேர்ந்து உயிர்மெய்யாம் என்பது நாம் படிப்பிக்கும் இலக்கணம். அங்கோ உயிர்மெய்யோடு புள்ளி சேர்ந்து மெய்யாகின்றது. நேர்மாறுதான். ஆயினும் எங்கும் ஒரேபடியாக இருத்தலின் ஏற்றுக்கொண்டோம்.

ஏற்றுக்கொள்ளாதிருந்த காலமே எமக்குத் துன்பந் தந்தது. ஒருங்குறி பரவுமுன், நம் நாட்டிலே பாமினி முதலிய எழுத்துருக்களாலேயே தமிழ் பொறிக்கப்பட்டது. அங்கே தகரத்துக்கெனத் தனி எண் இல்லை. ஆங்கில ஜே என்னும் சிற்றெழுத்துக்குரிய 106ஐ, அதாவது பதினறும 6-ஏயை, அப்படியே இட்டு, அவ்வெண் வருமிடத்துத் தகரத்தின் வடிவை வரைந்து காட்டுவர். மகரத்துக்கு ஆங்கிலக் கே; ழகரத்துக்கு ஓ. எழுத்துரு இருக்கும் கணினியில் தமிழாகத் தோன்றும்; இல்லாத கணினியில் பொருளற்ற ஆங்கிலக் குவியலாகத் தோன்றும். உள்ளேயுள்ள எண்களோ இரண்டிடத்தும் ஒன்றே.

இதனை 2011இல் யாம் அறியோம். அந்நாளில் யாம் பணியாற்றிய பாடசாலையில், எமக்கு மூத்த தமிழாசிரியர் ஒருவர் ஊரூராகச் சென்று திரட்டிய தாலாட்டும் ஒப்பாரியும் பழைய கணினியொன்றில் இருந்தன. ஓய்வு பெற்றபின் தாமே விசைப்பலகை பழகி இரண்டாண்டு இருந்து பொறித்தவை. அவர் அதற்கு முந்திய ஆண்டு காலமானார். புதிய கணினி வந்ததும் கோப்புக்களை அதற்கு மாற்றித் திறந்தோம். வரிக்கு வரி ஆங்கிலச் சிதறல். பழுதாயிற்றென்று துணிந்து, இடம் வீணாகாதிருக்க அழித்துவிடும்படி மாணவனொருவனிடம் கூறினோம். "சேர், அழிக்கத்தான் வேணுமோ?" என்று அவன் கேட்டான். அழி என்றோம். பழைய கணினி ஏலத்திற் போயிற்று.

இரண்டாண்டின் பின் சேவைக்காலப் பயிற்சி வகுப்பொன்றில் விரிவுரையாளர் எண் அட்டவணையைத் திரையில் இட்டு, ஜே என்பதன் நேரே தகரம் தோன்றுமாறு எழுத்துருவை மாற்றிக் காட்டினார். மற்றையோர் வியந்தனர். யாம் எழுந்து வெளியே வந்து சற்று நேரம் நின்றோம். பாடல்களில் ஓரெழுத்தும் பழுதாகியிருக்கவில்லை. வாய்பாடு மாத்திரமே மாறியிருந்தது. அவர் வீட்டில் கையெழுத்துப் படி ஏதும் உண்டோவென்று தேடினோம். இடப்பெயர்வின்போது கொப்பிகள் போய்விட்டன என்றார் அவர் மனைவியார். எம்மை அவர் கடிந்துகொள்ளவில்லை.

ஆதலின் இரண்டு அடையாளங்களை மாத்திரம் இங்கே குறித்து வைக்கின்றோம். பழைய கோப்பொன்று உயிரெழுத்து ஒழுங்கில்லாத ஆங்கிலச் சொற்களாயும், சொல்லினிடையே அரைப்புள்ளி போன்ற குறிகள் மலிந்தும் தோன்றுமாயின், அது முன்சொன்ன எழுத்துரு வகையைச் சார்ந்ததாதல் கூடும். எழுத்துருவை நிறுவினாலோ, எண்ணுக்கு எண் மாற்றும் மென்பொருளை ஆண்டாலோ தமிழாகிவிடும். அவ்வாறன்றித் தலையில் சாய்கோடிட்ட ஏ என்னும் எழுத்து இரண்டொரு குறிகளுக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப வந்து, அதனையடுத்து வட்டத்துள் ஆர் எழுதிய குறி பலகாலும் தோன்றுமாயின், அஃது ஒருங்குறித் தமிழே. ஒருங்குறியின் தமிழெழுத்து ஒவ்வொன்றும் கோப்பில் பெரும்பாலும் மூன்று பைற்றாகவே எழுதப்படும். முதற் பைற்று எப்பொழுதும் ஈ-0. இரண்டாவது ஏ-ஈ அல்லது ஏ-எவ். தகரம் ஈ-0, ஏ-ஈ, ஏ-4. மேற்சொன்ன குறிகள் அவ்வெண்களை வேறொரு வாய்பாட்டாற் படித்தமையால் வந்தவை.

இக்கல்லூரியின் முன்னைய மலர்கள் சிலவற்றுக்குரிய கட்டுரைகள் நெகிழ்வட்டுக்களிலும் இறுவட்டுக்களிலும் அன்பர் பலரிடம் இருப்பதாக அறிகின்றோம். திறந்தவிடத்து எவ்வாறு தோன்றினும் அவற்றை அழியாது சங்கச் செயலாளரிடம் சேர்ப்பிக்க வேண்டுகின்றோம். பாடசாலை விட்டபின் உள்ள மாலைப்பொழுதுகளில் அவற்றைப் படித்துத் தர யாம் ஆயத்தமாயிருக்கின்றோம்.