முழுநிலவைப் படம்பிடித்தல்

நுழையும்முன்

கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும் முழுநிலவு, ஒளிப்படத்தில் வெறும் வெள்ளை வட்டமாக மாறுவது ஏன்? அதன் காரணத்தையும் திருத்தும் வழியையும் அறிவோம்.

பாடம்

முழுநிலவு நாளன்று மாணவி ஒருத்தி மொட்டைமாடியில் நின்று, தந்தையின் கேமராவால் நிலவைப் படம் எடுத்தாள். ஊரிலுள்ள பாட்டிக்கு அதனை அனுப்ப எண்ணினாள். நிலவில் ஒரு பாட்டி வடை சுடுவதாகச் சிறுவயதில் அவளுக்குக் காட்டியவர் அவரே. அந்த உருவம் அவள் கண்ணுக்குத் தெரிந்தது. படத்திலோ வெண்மை மட்டுமே இருந்தது.

கேமராவில் உள்ள ஒளிமானி, காட்சி முழுவதையும் அளந்து சராசரி காண்கிறது. காட்சியின் பெரும்பகுதி கருவானம். எனவே அது மிகுதியான ஒளியை உள்ளே விடுகிறது. அதனால் வானம் சாம்பல் நிறம் பெறுகிறது. நிலவோ வெண்மையில் கரைகிறது. இவ்வாறு கரைந்த நுண்கூறுகளைப் பின்னர் மீட்க இயலாது.

நிலவு இரவில் தோன்றினும் அதன்மேல் விழுவது வெயிலே. சூரியனிடமிருந்து புவியும் நிலவும் ஏறத்தாழ ஒரே தொலைவில் உள்ளன. ஆகவே, நண்பகல் வெயிலில் கிடக்கும் பாறையைப் படம் எடுப்பதுபோலவே முழுநிலவையும் எடுத்தல் வேண்டும்.

இதற்கு எளிய விதி ஒன்று உண்டு. லென்சின் துளையை எஃப் 11 என அமைக்க வேண்டும். ஐ.எஸ்.ஓ. 100 எனில் ஷட்டர் வேகம் 1/100 நொடி. 200 எனில் 1/200 நொடி. அரைநிலவின் ஒளி குறைவு. அதற்குத் துளையை எஃப் 5.6 அளவுக்குத் திறக்கலாம். எண் குறையத் துளை விரியும். பல கைப்பேசிகளில், திரையில் நிலவைத் தொட்டு, அருகில் தோன்றும் சூரியக் குறியைக் கீழே இழுத்தால் ஒளி குறையும்.

மாணவி இவ்விதிப்படி மீண்டும் படம் எடுத்தாள். வானம் கருத்தது, நிலவில் திட்டுகள் தோன்றின. அவை, முற்காலத்தில் எரிமலைக் குழம்பு பரவி உறைந்த சமவெளிகள். படத்தைப் பெற்ற பாட்டி, "வடை இன்னும் வேகவில்லை போலும்!" என்று மறுமொழி அனுப்பினார்.

எச்சரிக்கை: தகுந்த வடிகட்டி இன்றிச் சூரியனைக் கேமராவின் வழியே காணலாகாது. கண்ணும் கருவியும் பழுதாகும்.

சொல்லும் பொருளும்

ஒளிமானி – ஒளியின் அளவைக் காட்டும் கருவி
திட்டு – சுற்றியுள்ள பரப்பிலிருந்து நிறத்தால் வேறுபட்ட பகுதி
மறுமொழி – பதில்

பயிற்சி

1. முதற்படத்தில் நிலவு வெண்மையாகத் தோன்றியது ஏன்?
2. ஐ.எஸ்.ஓ. 400 எனில், எஃப் 11 துளைக்கு உரிய ஷட்டர் வேகம் யாது?
3. பிரித்து எழுதுக: கருவானம், பகலொளி.
4. நிலவைப் பற்றி உன் வீட்டுப் பெரியோர் கூறும் கதையைக் கேட்டு, ஐந்து தொடர்களில் எழுதுக.