கனவுக்குள் விழித்துக்கொள்ள: விரலை எண்ணினால் மட்டும் போதாது



"முருகன் கனவுல வந்தார் ப்ரோ, ஆனா அது கனவுன்னு காலைலதான் தெரிஞ்சுது" என்று குரூப்பில் அடிக்கடி மெசேஜ் வரும். கனவு ஓடும்போதே அது கனவு என்று தெரிவதை லூசிட் ட்ரீம் என்கிறார்கள். தெளிவுக்கனவு என்று வைத்துக்கொள்வோம். இது கதை இல்லை. 1975ல் இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில் கீத் ஹெர்ன் இதைக் கருவியில் பதிவு செய்தார். தூங்கியவர் முன்பே பேசி வைத்தபடி கனவுக்குள்ளிருந்து கண்ணை இடம் வலமாக அசைத்துச் சைகை காட்டினார். கனவு நேரத்தில் கை கால் கட்டுண்டு கிடக்கும், கண் அசையும். அதனால்தான் கண்.

இதற்கான பயிற்சி, பகலிலேயே "இப்போ நான் கனவுல இருக்கேனா?" என்று கேட்டுச் சோதிப்பது. விரல்களை எண்ணலாம். ஒரு போர்டை இரண்டு தரம் படிக்கலாம், கனவில் எழுத்து மாறிவிடும். எனக்குப் பிடித்தது மூக்கு. மூக்கைப் பிடித்து, வாயை மூடி மூச்சிழுங்கள். கனவில் மூச்சு தாராளமாக வரும், நிஜ மூக்கை யாரும் பிடிக்கலையே!

சாஃப்ட்வேர்காரன் புத்தி, மணிக்கொரு ரிமைண்டர் வைத்தேன். மூணு வாரம் கழித்துக் கனவில் எண்ணினால் ஆறு விரல். "சரி, ஆறு இருக்கு" என்று சொல்லிவிட்டு கோடிங்கைத் தொடர்ந்தேன் 😅 பகலில் சந்தேகமே இல்லாமல் எண்ணியவன் கனவிலும் அப்படித்தான் எண்ணுவான். மனசு ஆபீஸில் இருக்க, வாய் மட்டும் சரவணபவ சொல்கிற மாதிரி.

ரிமைண்டரை அழித்தேன். திருநீறு எடுக்கும்போதும், வில்லியனூர் திருக்காமீஸ்வரர் கோயிலைத் தாண்டும்போதும் மட்டும் நிஜமாகவே யோசிப்பேன்: இங்கே எப்படி வந்தேன்? கொஞ்சம் முன்னாடி எங்கே இருந்தேன்?

ஒரு நாள் மயிலம் மலைப்படியில் ஆயா எனக்குத் திருநீறு பூச வந்தாங்க. எப்படி வந்தோம்? பாகூரில் பஸ் ஏறின ஞாபகமே இல்லை. ஆயா போய் நாலு வருஷம் ஆச்சே! மூக்கைப் பிடித்தேன், மூச்சு வந்தது. அவங்க கடைசி நாளில் நான் பெங்களூரில் நைட் ஷிஃப்ட், வந்து சேர முடியல. "வரலைன்னு கோபமா ஆயா?" என்றேன். நெற்றியில் கட்டைவிரலை அழுத்தினாங்க. அந்தப் பதற்றத்திலேயே விழிப்பு வந்துவிட்டது. வந்தது ஆயாவா, என் மனசா என்று நான் வாதாட மாட்டேன்.

பகல் சோதனை தனியாகப் பெரிதாக உதவாது. அடிலெய்டு பல்கலைக்கழகத்தின் டென்ஹோம் ஆஸ்பி 2017ல் வெளியிட்ட ஆய்வில் மூன்றைச் சேர்த்துச் செய்தவர்களுக்குத்தான் பலன், அதுவும் 17 சதவீதம்தான். பகல் சோதனை, ஐந்து மணி நேரம் தூங்கிச் சிறிது விழிப்பது, "அடுத்த கனவில் இது கனவென்று நினைவுகொள்வேன்" என்று சொல்லிக்கொண்டே மறுபடி தூங்குவது. விழித்ததும் அசையாமல் கிடந்து கனவை நினைவுகூரச் சொன்னவர் நம்ம புதுச்சேரி ஸ்ரீ அன்னை. அதன்பிறகு நோட்டில் எழுதுங்கள்.

தூக்கம் சரியில்லாதவர்களும், மனநல சிகிச்சையில் இருப்பவர்களும் டாக்டரைக் கேட்காமல் இதைத் தொடங்க வேண்டாம். மறுநாள் காலை வண்டி ஓட்டணும்னா அந்த ராத்திரி அலாரம் வைக்காதீங்க.