வருசப் பிறப்புக்கு ஓடிக் களைக்காமல் இருக்க 10 குறிப்புகள்

சித்திரை வருசம் வந்தாலே வீட்டுப் பெண்களுக்கு இடுப்பு ஒடிந்துவிடும். லக்கலப் பக்கம் நாங்கள் செய்துபார்த்துப் பலன் கண்ட சில வழிகளைச் சொல்கிறேன், தோழிகளே. உங்களுக்குத் தோதானதை எடுத்துக்கொள்ளுங்கள்.

1. புண்ணிய காலம் எத்தனை மணிக்கு என்று பஞ்சாங்கத்தில் பார்த்துச் சுவர்க் கலண்டரில் எழுதுங்கள். அங்கிருந்து பின்னோக்கி இரண்டு வாரத்துக்கு வேலைகளைப் பிரித்துப் போடுங்கள். கடைசியில் 'செய்யாவிட்டாலும் குற்றமில்லை' என்று ஒரு வரிசை கட்டாயம் இருக்கட்டும். பாதித் தலைவலி அதிலேயே இறங்கிவிடும்.

2. மாதம் பத்தாந் திகதி சம்பளம் எடுக்கிற வீடென்றால் வருசத்துக்கு மூன்றே நாள்தான் மிஞ்சும். கெட்டுப்போகாத சீனி, பருப்பு, எண்ணெயை மார்ச் மாதச் சாமானோடு கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துவிடுங்கள். கையில் காசு வந்ததும் பிள்ளைகளின் பள்ளிக்கூடக் கொப்பிக்கு உள்ளதை முதலில் எடுத்து வையுங்கள், மிச்சம்தான் துணிமணிக்கு.

3. மாத்தளைக்குச் சாமான் வாங்கப் போவதென்றால் காலை பஸ்ஸையே பிடியுங்கள். பின்னேரம் திரும்பினால் ரிவர்ஸ்டன் பக்கம் பனிமூட்டமும் மழையும் வழியை மறித்துவிடும். யார் யாருக்கு என்ன அளவில் உடுப்பு என்று நூலால் அளந்து முடிச்சுப் போட்டுக் கொண்டுபோனால் மாற்றிவர இன்னொரு பயணம் மிச்சம்.

4. சித்திரையில் மதியம் தாண்டினால் இடிமழைதான். திரைச்சீலை, போர்வையெல்லாம் விடியக்காலையிலேயே துவைத்துப் போட்டு இரண்டு மணிக்குள் எடுத்துவிடுங்கள். வீடு முழுவதையும் ஒரே நாளில் கழுவாமல் நாளைக்கு ஒரு மூலை என்று வைத்தால் கைகால் வலி இல்லை.

5. அதிரச மாவைப் பாகில் கிளறி நாலைந்து நாளுக்கு முன்பே மூடி வையுங்கள். ஊற ஊற ருசி கூடும், கடைசி நாள் வேலையும் ஒன்று குறையும்.

6. ஒரே சட்டி எண்ணெயில் முதலில் முறுக்கு, பிறகு கொக்கிஸ், கடைசியில் அதிரசம் என்று சுடுங்கள். வெல்லம் சேர்ந்த பலகாரம் முதலில் போனால் எண்ணெய் சீக்கிரம் கறுத்துவிடும். கொக்கிஸ் அச்சை எண்ணெயில் நன்றாகக் காயவிட்டு மாவில் தோய்த்தால்தான் மாவு பிடிக்கும்.

7. எல்லாப் பலகாரத்தையும் ஒரே வீட்டில் சுட வேண்டுமா என்ன? நாங்கள் முறுக்கு சுட்டு, பக்கத்துச் சிங்கள வீட்டு அக்கா கொக்கிஸ் சுட்டு, தட்டு மாற்றிக்கொள்கிறோம். விறகும் எண்ணெயும் மிச்சம், இரண்டு வீட்டுத் தட்டும் நிறைந்துவிடும்.

8. ஏலக்காய் விளைகிற மலையில் இருந்துகொண்டு தோலை வீசலாமா? விதையைப் பலகாரத்துக்கு எடுத்துக்கொண்டு தோலைத் தேயிலை டின்னில் போட்டு வையுங்கள். விருந்தாளி வரும்போது மணக்க மணக்கப் பிளேன்டீயும் ஒரு துண்டு கித்துள் கருப்பட்டியும் கொடுத்தால் அதுவே பெரிய உபசாரம்.

9. மருத்துநீரைக் கோயிலிலிருந்து முதல் நாளே ஒரு போத்தலில் வாங்கி வைத்துவிடுங்கள். ஆளுக்கொரு துவாய், புது உடுப்பு என்று கட்டுக் கட்டாக மடித்து வைத்தால் விடியக்காலைத் தேடல் இல்லை. கைவிசேஷத்துக்குச் சில்லறை மாற்றுகிற வேலையையும் வெற்றிலை துடைக்கிற வேலையையும் பிள்ளைகளிடம் விடுங்கள்; லீவில் சும்மா இருப்பதால்தானே சண்டை வருகிறது!

10. சிங்களவர்கள் 'நோனகத' நேரத்தில் அடுப்பு மூட்டாமல், வேலைவெட்டி எல்லாம் ஒதுக்கிவைத்துக் கோயில் குளம் என்று இருப்பார்கள். நம் புண்ணிய காலமும் மருத்துநீர் வைத்து முழுகிச் சாமி கும்பிடுகிற நேரம்தான். சோறு கறியை முன்கூட்டியே ஆக்கி மூடிவைத்துவிட்டு நீங்களும் காலை நீட்டி உட்காருங்கள்.

வருசம் முழுக்க ஓடுகிற கைக்கு ஓய்வெடுக்கப் பெரியவர்களே நேரம் குறித்துக் கொடுத்திருக்கிறார்கள். அந்த நேரத்திலும் சட்டி கழுவிக்கொண்டு நிற்காதீர்கள், தோழிகளே!