பந்தியில் ஓர் இடம்: பள்ளிக்கூடத்தில் பிசியோதெரபி ஊழியம்



பிசியோதெரபி படித்து முடித்து, மாற்றுத்திறன் கொண்ட பிள்ளைகளைத் தேடிப் பள்ளிக்கூடங்களுக்குப் போகிற வாலிபர்களுக்காக நீங்கள் ஜெபிக்கிறீர்கள், காணிக்கையும் அனுப்புகிறீர்கள். அவர்கள் அங்கே என்ன செய்கிறார்கள்? முதல் ஆண்டில் எவற்றைக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது? அறிந்து தாங்குகிற ஊழியம் பலன் கொடுக்கும் என்பதால், இம்முறை இதையே நம் பாடமாக எடுத்துக்கொள்வோம்.

வேதபகுதி: 2 சாமுவேல் 4:4, 9:1-13

யோனத்தானின் மகன் மேவிபோசேத்துக்கு ஐந்து வயதாயிருக்கையில், அவனைத் தூக்கிக்கொண்டு ஓடின தாதியின் கையிலிருந்து விழுந்தான். இரண்டு கால்களும் முடமாயின. பள்ளிக்கூடத்தில் சேர்க்கிற வயது அது. பல ஆண்டுகளுக்குப் பின் தாவீது ஆள் அனுப்பி அவனை அழைப்பித்துத் தன் பந்தியில் உட்காரவைத்தான். ஒன்றைக் கவனியுங்கள். அந்த அதிகாரத்தின் கடைசி வசனத்திலும் அவன் கால்கள் முடமாகவே இருக்கின்றன. ஆனால் ராஜாவின் பந்தியில் அவனுக்கு இடம் இருக்கிறது. பள்ளிக்கூடத்துக்குப் போகிற பிசியோதெரபிஸ்ட் முதலில் கற்க வேண்டிய பாடம் இதுதான்.

1. அரை மணியும் முப்பது மணியும்

மருத்துவமனையில் பயின்றவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. நோயாளியைப் பாயில் படுக்கவைத்து, தசைகளை நீட்டி, பயிற்சி கொடுத்து அனுப்புவார்கள். அதையே பள்ளிக்கூடத்திலும் செய்யத்தான் புதியவருக்குத் தோன்றும். பிள்ளையை வகுப்பிலிருந்து கூட்டிக்கொண்டு போய், வராந்தாவில் பாய் விரித்து அரை மணி நேரம் பயிற்சி கொடுப்பார். அதற்குள் கணக்குப் பாடம் போய்விடும். அல்லது அவன் ஆசையோடு காத்திருந்த விளையாட்டுப் பீரியட் போய்விடும்.

கணக்குப் பாருங்கள். நாளுக்கு ஆறு மணி நேரம், வாரத்தில் ஐந்து நாள் என்றால், பிள்ளை பள்ளியில் இருப்பது முப்பது மணி நேரம். பிசியோதெரபிஸ்ட் வருவதோ வாரத்தில் அரை மணி நேரம். மீதி நேரமெல்லாம் கால் தரையில் எட்டாமல், ஒரு பக்கமாகச் சாய்ந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தால், அந்த அரை மணி எதைத் திருத்தும்? ஆகவே அந்த முப்பது மணி நேரத்தையும் சரிசெய்வதே பள்ளி ஊழியம்.

2. கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்

உலக சுகாதார நிறுவனம் 2001ஆம் ஆண்டில் ஏற்றுக்கொண்ட வகைப்பாடு ஒன்று, ஊனத்தை மூன்று நிலைகளில் பார்க்கச் சொல்கிறது. உடல் உறுப்பு எப்படி இருக்கிறது? அந்தப் பிள்ளையால் என்ன செய்ய முடிகிறது? மற்றவர்களோடு எவற்றில் பங்குபெறுகிறது? மருத்துவமனை பெரும்பாலும் முதல் கேள்வியில் தொடங்கும். பள்ளி ஊழியரோ மூன்றாவது கேள்வியிலிருந்து தொடங்க வேண்டும். காலை வணக்கத்துக்கு வரிசையில் நிற்கிறானா? சத்துணவை மற்றப் பிள்ளைகளோடு சாப்பிடுகிறானா, தனியாகவா? கழிப்பறைக்குப் போக வழி இருக்கிறதா? இவற்றைக் கேட்ட பிறகுதான் தசையையும் மூட்டையும் தொட்டுப் பார்க்க வேண்டும்.

3. பிள்ளைக்குப் பிள்ளை வேறுபாடு

ஒரு தலைமுறைக்கு முன் இப்படிப்பட்ட ஊழியத்தில் அதிகம் கண்டது போலியோ தாக்கிய கால்களையே. தேவனுக்கு ஸ்தோத்திரம், நம் நாட்டில் இயற்கையாகப் பரவும் போலியோ கிருமியால் ஒரு பிள்ளை பாதிக்கப்பட்டது 2011 ஜனவரியில்தான் கடைசி. 2014 மார்ச்சில் இந்தியா போலியோ அற்ற நாடாகச் சான்று பெற்றது. இன்று பள்ளிகளில் அதிகம் காண்பது மூளை முடக்குவாதம். இதில் மூளையில் ஏற்பட்ட சேதம் கூடுவதில்லை. ஆனால் பிள்ளை வளர வளர எலும்பு நீள்கிறது. இறுகிய தசை அதற்கு ஈடுகொடுப்பதில்லை. குதிகாலும் முழங்காலும் மடங்கி நின்றுவிடுகின்றன. எனவே வளரும் ஆண்டுகளில் கண்காணிப்பு விட்டுப்போகலாகாது.

தசைச் சிதைவு நோயுள்ள பையனுக்கோ பயிற்சியை அதிகமாக்குவதே கேடு. "கஷ்டப்பட்டு ஏறு, பலம் வரும்" என்று அவனை மாடிப்படி ஏற்றக்கூடாது. அவன் வகுப்பைக் கீழ்த்தளத்துக்கு மாற்றச் சொல்வதே நல்ல சிகிச்சை. தண்டுவடப் பிளவோடு பிறந்த பிள்ளைக்குக் காலில் உணர்ச்சி குறைந்திருக்கும். வெயிலில் காய்ந்த சிமெண்டுத் தரை சுட்டாலும் தெரியாது. ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்து புண் வந்தாலும் தெரியாது. டவுன் சிண்ட்ரோம் உள்ள சில பிள்ளைகளுக்குக் கழுத்தெலும்பின் மூட்டு தளர்ந்திருக்கும்; மருத்துவர் பார்த்துச் சொல்லும்வரை குட்டிக்கரணம் போடவிடக்கூடாது. எல்லாருக்கும் ஒரே பயிற்சி என்பது ஆபத்து.

4. தச்சரும் கொத்தனாரும் உடன் ஊழியர்களே

பிள்ளை உட்காரும்போது பாதம் முழுவதும் எதன்மேலாவது பதிந்திருக்க வேண்டும். மேசை முழங்கை உயரத்தில் இருக்க வேண்டும். விழாமல் இருப்பதற்காக ஒரு கையால் பெஞ்சைப் பிடித்துக்கொண்டிருக்கிற பிள்ளை எப்படி எழுதும்? பாதத்துக்குக் கீழே ஒரு பலகை, இடுப்புக்கு இருபுறமும் ஒரு மரக்கட்டை: தச்சர் அரை நாளில் செய்துவிடுவார். அதன்பின் கை விடுபடும், எழுத்தும் வரும்.

சாய்தளத்துக்கு ஓர் அளவு உண்டு. ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும். இடமில்லை என்று நான்கடியில் முடித்துவிட்டால், பிள்ளையால் தானாக ஏற முடியாது; இறங்கும்போது நாற்காலி உருண்டோடும்.

கழிப்பறையைப் பற்றிப் பேச நாம் கூச்சப்படுகிறோம். ஆனால் போக வழியில்லாததால் காலையிலிருந்து மாலைவரை தண்ணீரே குடிக்காமல் இருக்கிற பெண்பிள்ளைகள் உண்டு. பிடித்துக்கொள்ள ஒரு கம்பி, உட்கார ஓர் உயர்ந்த இருக்கை, சக்கர நாற்காலி நுழையும் அகலத்தில் ஒரு கதவு. இவை இல்லாததால் படிப்பை நிறுத்தியவர்கள் இருக்கிறார்கள்.

5. டீச்சரும் தாயும்

பள்ளிக்கூடம் மருத்துவமனை அல்ல. அங்கே பிசியோதெரபிஸ்ட் விருந்தாளி. முதலில் தலைமையாசிரியரைக் கண்டு அனுமதி பெற வேண்டும், பெற்றோரின் சம்மதம் வேண்டும், வகுப்பைக் கெடுக்கக்கூடாது. அரசின் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் வட்டார வள மையங்களைச் சேர்ந்த சிறப்பாசிரியர்களும் பிசியோதெரபிஸ்ட்டுகளும் பணி செய்கிறார்கள். அவர்களோடு போட்டி போடாமல், கலந்து பேசி வேலையைப் பிரித்துக்கொள்ள வேண்டும்.

நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு திண்டாடும் டீச்சரிடம் பத்துப் பயிற்சிகளை எழுதிக் கொடுத்தால், அந்தத் தாள் மேசை டிராயருக்குள் போய்விடும். மூன்று காரியம் போதும்: எப்படி உட்காரவைப்பது, எப்போது எழுந்து நிற்கவைப்பது, விளையாட்டில் எப்படிச் சேர்த்துக்கொள்வது. சுவரில் சாய்ந்து நின்று பந்து எறிகிறவன் பயிற்சியும் செய்கிறான், விளையாடவும் செய்கிறான்.

தாயை மறந்துவிடக்கூடாது. ஐந்து வயதில் இடுப்பில் தூக்கி வந்தாள். எட்டு வயதில் முதுகில் சுமந்தாள். பத்து, பதினொரு வயதில் அவளால் தூக்க முடியாது. அன்றோடு படிப்பு நின்றுபோகிற வீடுகள் உண்டு. பிள்ளையின் அறிவு குறைந்ததால் அல்ல, தாயின் முதுகு ஒடிந்ததால்! அந்த நாள் வருமுன்னே, அளவான சக்கர நாற்காலியையும் வழியையும் ஆயத்தம் செய்வது பிசியோதெரபிஸ்ட்டின் பொறுப்பு.

6. "எப்போது நடப்பான்?"

புதிய ஊழியர் கேட்கும் முதல் கேள்வியும் கடினமான கேள்வியும் இதுவே. மூளை முடக்குவாதமுள்ள பிள்ளைகளின் அசைவுத் திறனை ஐந்து நிலைகளாகப் பிரிக்கும் முறை 1997 முதல் வழக்கத்தில் உள்ளது. முதல் நிலையிலுள்ள பிள்ளை ஓடவும் கூடும். ஐந்தாம் நிலையிலுள்ள பிள்ளைக்குத் தலையைத் தாங்கவே உதவி வேண்டும். அறிந்த உண்மையை மறைத்து, "கொஞ்ச நாளில் நடப்பான்" என்று சொல்வது இரக்கம் அல்ல. அந்த வார்த்தையை நம்பி, "நடந்த பிறகு பள்ளியில் சேர்க்கலாம்" என்று ஆண்டுகளை இழந்த குடும்பங்கள் பல. "இப்போதே பள்ளிக்கு வரட்டும், நடந்தாலும் நடக்காவிட்டாலும் இடம் உண்டு" என்று சொல்ல வேண்டும். சட்டமும் அதைத்தான் சொல்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், நாற்பது சதவீதத்துக்குக் குறையாத ஊனமுள்ளதாகச் சான்று பெற்ற, 6 முதல் 18 வயதுவரையுள்ள பிள்ளைகளுக்கு இலவசக் கல்வியை உரிமையாக்கியிருக்கிறது.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் டாக்டர் மேரி வர்கீஸ் அம்மையாரை நினைத்துக்கொள்ளுங்கள். 1954ஆம் ஆண்டு விபத்தில் அவருடைய கால்கள் செயலிழந்தன. அவர் மறுபடியும் நடக்கவில்லை. ஆனால் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். அமெரிக்காவில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று வந்து, அத்துறையை வேலூரில் கட்டியெழுப்பினார். 1972இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். அவருக்கு வேலை செய்ய இடம் கொடுக்கப்பட்டது. அந்த இடத்திலிருந்து அநேகருக்கு ஆசீர்வாதம் உண்டானது.

7. நமக்கு உரிய பாடம்

பிரியமானவர்களே, சக்கர நாற்காலி வழங்கும் கூட்டமும் புகைப்படமும் நமக்கு உற்சாகம் தருகின்றன. ஆனால் பெரியவர்களின் அளவில் செய்த நாற்காலியில் உட்காரவைத்த பிள்ளை ஒரு பக்கமாகச் சாய்கிறது. நாளடைவில் முதுகெலும்பு வளைகிறது. அளவெடுப்பது, பொருத்துவது, பயன்படுத்தக் கற்றுக்கொடுப்பது, பழுது பார்ப்பது ஆகிய எல்லாம் சேர்ந்ததே உதவி. பிள்ளை வளர்ந்தால் காலிப்பரையும் மாற்ற வேண்டும், ஷூவையும் மாற்ற வேண்டும். ஒரு தரம் கொடுத்து முடிந்துபோகிற காரியம் அல்ல இது. புகைப்படம் எடுக்க ஒன்றுமில்லாத நான்காம் வருஷத்திலும் தாங்குகிறவர்களே இந்தப் பிள்ளைகளுக்குத் தேவை.

சுகத்துக்காக ஜெபிப்பதை நிறுத்துங்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. சுகம் வரும்வரை பந்தியில் இடம் கொடுக்காமல் காத்திருக்கவேண்டாம் என்றே சொல்லுகிறோம்.

சிந்திக்கவும் கலந்து பேசவும்:

1. நமது சபை நடத்தும் பள்ளிக்கூடத்தின் வாசலில் எத்தனை படிகள்? ஆலயத்தின் வாசலில்?
2. நமது ஓய்வுநாள் பள்ளிக்கு வராமல் வீட்டிலேயே இருக்கிற பிள்ளை யார்? தாவீது ஆள் அனுப்பினதுபோல, அந்த வீட்டுக்கு யாரை அனுப்பலாம்?
3. நமது காணிக்கை ஒரு நாளுக்கானதா, ஒரு பிள்ளையின் பள்ளிப் பருவம் முழுவதற்குமானதா?

ஜெபக் குறிப்புகள்:

பள்ளி ஊழியத்தில் அடியெடுத்து வைக்கும் வாலிபர்களுக்குப் பொறுமையும், தாய்மாரிடம் உண்மையை அன்பாய்ச் சொல்லும் கிருபையும் கிடைக்கவும், டீச்சர்மாருக்காகவும், பிள்ளையைச் சுமந்து களைத்த தாய்மாருக்காகவும், பள்ளிக்கூடத்தைத் தூரத்திலிருந்தே பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளுக்காகவும் உங்கள் குடும்ப ஜெபத்திலும் சபைக் கூடுகையிலும் நினைத்துக்கொள்ளுங்கள்.

கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.